மாட்டு டாக்டர் தேசிமிரின் முதல் கேள்வி

என் மாமனார் தேசிமிர் நாற்பத்தோரு வருடம் மாட்டு டாக்டராக இருந்தவர். மொராவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்தத் தொழுவத்துக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்போ சாணி போட்டுச்சு?" வணக்கம், காபி, ஒரு மடக்கு ராகியாச் சாராயம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு தடவை கல்யாண வீட்டில், மணப்பெண் தேவாலயப் படியில் இறங்கிக்கொண்டிருந்த நேரம், யாரோ அவர் காதில் தன் பசுவைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். இவர் ஊருக்கே கேட்கிற குரலில் தன் கேள்வியைக் கேட்டார். மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். பாதிரியார் தாடிக்குள் சிரித்தார். தேசிமிருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"மாடு வாயால பேசாதும்மா. அதுக்கு வாய் பின்னாடிதான் இருக்கு. அதைக் கேக்காதவன் டாக்டரே இல்ல" என்பார். தோள் வரைக்கும் கையை விட்டு அடைப்பை எடுத்துவிட்டு, அதே முற்றத்தில் கையைக் கழுவி, அதே கையால் ரொட்டி வாங்கித் தின்கிற மனிதர்.

நானும் சளைத்தவள் இல்லை. ஊர்ப் பாலர் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை. முப்பது பிள்ளைகள். "போயாச்சா? கெட்டியாவா, தண்ணியாவா? எங்க, காட்டு" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற வாய் இது. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அப்படி இருந்தும் என்ன நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. குளியலறைக் கதவு சமையலறைக்குள்தான் திறக்கும். உள்ளே யாராவது போனால் வெளியே இருப்பவர் ரேடியோவைச் சத்தமாக வைக்க வேண்டும். என் மாமியார் விதோசவா உயிரோடு இருந்தபோது ஏற்படுத்திய சட்டம் அது. அவர் போன பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை. தேசிமிர் அந்த ஓடு பதித்த குளியலறையை முகம் கழுவ மட்டுமே வைத்துக்கொண்டார். மற்றதற்கெல்லாம் தோட்டத்துக் கோடியில், பிளம் மரங்களுக்குப் பின்னால் இருந்த பழைய மரக் கழிப்பிடம்தான். காலை ஆறு மணிக் காபி முடிந்ததும் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். மழை, பனி எதற்கும் மாற்றமில்லை. "வீட்டுக்குள்ள அந்த வேலை எதுக்கு? மருமக முட்டை பொரிச்சிட்டு இருக்கா" என்பார். அதனால் அவர் எப்போது போனார், போகவில்லை என்று யாருக்கும் தெரிய வாய்ப்பே இல்லாமல் இருந்தது.

போன வருடம் கோடையில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. ஆகஸ்டில் பெயர் தெரிந்தது: புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று, எலும்பு வரைக்கும் போய்விட்டது. இனி வலி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்கள். அவரும் அதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டது ஒன்றே ஒன்று: "மித்ரோவ்தான் வரைக்கும் நிக்க வெப்பீங்களா?"

நவம்பர் எட்டு, மித்ரோவ்தான், எங்கள் குடும்பத்து ஸ்லாவா. குடும்பத்துப் புனிதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டோம், எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. மெழுகுவர்த்தி எரிய, பாதிரியாரோடு சேர்ந்து ஸ்லாவா ரொட்டியைக் கையில் பிடித்துச் சுற்றி, ஒயின் ஊற்றி, பிட்டு, வந்தவர்களுக்கு நின்றபடியே பரிமாற வேண்டும். தேசிமிர் இந்தத் தடவை அந்த இடத்தை மகன் கையில் கொடுக்க நினைத்தார். மகன் நெபோய்ஷா, என் கணவர், ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறார், ஸ்லாவாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் வர முடியும். "உக்காந்துட்டு எப்படிம்மா குடுக்கறது? நின்னுதான் குடுக்கணும்" என்றார் மாமனார். அந்த வயதில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

அக்டோபர் பதினொன்றாம் தேதி மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டரம்மா ஒரு பாட்டிலையும் நீட்டினார். "இந்த மாத்திரை குடலைத் தூங்க வெச்சிடும். அதனால இந்த சிரப்பையும் தினமும் குடுக்கணும். வெளிய போனாலும் குடுங்க, போகலன்னாலும் குடுங்க. விட்டுடாதீங்க." எதிர் பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த அம்மாவின் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. சரி சரி என்று தலையை ஆட்டி, பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

வீட்டில் பையைப் பிரித்தபோது மாமனார் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இது என்ன மருமகளே?"

"இருமலுக்குப்பா."

"எனக்கு இருமலே இல்லையே."

"அப்போ வேண்டாம், விடுங்க."

இதுதான் நான் செய்தது. முப்பது பிள்ளைகளின் பின்பக்கத்தைக் கழுவி விடுகிறவள், ஒரு வயதானவரிடம் 'இது வெளிக்குப் போவதற்கு' என்று மூன்று வார்த்தை சொல்லக் கூசி, இருமல் என்று புளுகினேன். பாட்டிலை அலமாரியில், ஸ்லாவாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற கண்ணாடிக் கிளாஸ்களுக்குப் பின்னால் வைத்துச் சாத்தினேன். தேவைப்பட்டால் அவரே கேட்பார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. முதல் வாரம் அவர் தோட்டத்துக்குக் கூட நடந்தார். பிறகு கால் தாங்கவில்லை, பிளம் மரங்கள் வரைக்கும் போக முடியவில்லை. சமையலறைக்குள் இருக்கிற குளியலறைதான் இனி கதி. நான் அடுப்படியை விட்டு நகர்கிற நேரம் பார்த்து அவர் உள்ளே போவதும், என் காலடிச் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிடுவதும் எனக்குத் தெரியத்தான் செய்தது. ரேடியோவை வைத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபர் கடைசியில் சாப்பாடு குறைந்தது. சூப்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். வயிறு மட்டும் மேளம் மாதிரி உப்பியிருந்தது. பக்கத்து வீட்டு பெர்சிதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நோய் முத்திடுச்சுடி ருஷிட்சா. என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள். நானும் நம்பினேன்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தபோது விறகுக் கொட்டகைக்குப் பின்னால் அவருடைய உள்கால்சட்டை இரண்டு, ஈரமாக, கோணல்மாணலாகக் காய்ந்துகொண்டிருந்தன. நிற்கவே முடியாத மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே துவைத்திருக்கிறார். எனக்கு விஷயம் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன்: கிழவருக்குப் பேதி. பாவம், அடக்க முடியவில்லை. நான் துணியைப் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வேறு வழியாக வீட்டுக்குள் போனேன்.

கேட்கவில்லை. சமைத்தேன். எங்கள் பக்கத்தில் பேதிக்கு என்ன கொடுப்பார்களோ அத்தனையும். பீரோவுக்கு மேல் வாசனைக்காக அடுக்கி வைத்திருந்த சீமைமாதுளைப் பழங்களை இறக்கி வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். சோறு குழைத்துக் கொடுத்தேன். நாவல் நிறத்தில் இருக்கும் காய்ந்த காட்டுப் பழங்களைப் போட்டுக் கறுப்பாகக் கஷாயம். பெர்சிதா அக்காவிடம் ஊருக்குப் பயந்து யாருக்கு என்று சொல்லாமல் கேட்டதில், அவள் காபித் தூளில் எலுமிச்சை பிழிந்து ஒரு கரண்டி விழுங்கச் சொன்னாள். அதையும் கொடுத்தேன். எல்லாம் இறுக்கிக் கட்டுகிற சாமான்.

அவர் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு குனிந்து சாப்பிடுவார். நான் உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். நர்ஸ் ஸ்தமேனா வாரம் ஒரு முறை போனில் விசாரிப்பாள். "வயிறு எப்படி இருக்கு?" என்றாள். மாமனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை அவர் வாந்தி எடுத்தார். முகம் சாம்பல் நிறம். வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்திருந்தது. மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு ஏன் இவ்வளவு வலி என்று எனக்குப் புரியவில்லை. ஸ்லாவாவுக்கு மூன்றே நாள். நிற்பதாவது, ஆள் உட்காரவே முடியாது போலிருந்தது. ஸ்தமேனாவுக்குப் போன் பண்ணினேன், ஒரு மணி நேரத்தில் வந்தாள்.

ஸ்தமேனா மலையடிவாரத்து விவசாயி மகள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் வீட்டுப் பழுப்புப் பசுவைக் காப்பாற்றியவர் என் மாமனார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே கேட்டாள்:

"டாக்டர் மாமா, கடைசியா எப்போ போனீங்க?"

அவருடைய கேள்வி. அவருடைய வீட்டில். அவர் சுவரைப் பார்த்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அவருக்குப் பேதி ஆகுது. ஒரு வாரமா."

"அதுக்கு முன்னாடி?"

நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"அக்கா, உங்களைத்தான் கேக்கறேன். பேதிக்கு முன்னாடி ஒழுங்கா எப்போ போனாரு?"

"தெரியாது" என்றேன். என் காது இரண்டும் எரிந்தது.

"பதினொரு நாள் ஆச்சு" என்றார் மாமனார், சுவரிடம்.

ஸ்தமேனா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், குழாயை வைத்துக் கேட்டாள், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினாள். கையுறை போட்டுச் சோதித்தாள். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இது பேதி இல்லக்கா. உள்ள கல்லு மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு. அதைச் சுத்திக்கிட்டு தண்ணி மட்டும் கசியுது. நல்லவேளை, குடல் முழுசா அடைபடல. ஆமா, என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

சொன்னேன். சீமைமாதுளை என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. ஆஸ்பத்திரியில குடுத்த சிரப்பு எங்க?"

கண்ணாடிக் கிளாஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். மூடியில் சீல் அப்படியே இருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தாள், அவ்வளவுதான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வழக்கப்படி ரேடியோவின் பக்கம் கையை நீட்டி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"கொஞ்சம் வலிக்கும் மாமா. எண்ணெய் விட்டிருக்கேன், இளகட்டும். வலிக்கு முன்னாடியே மாத்திரை போட்டீங்கதானே காலைல?"

கட்டில் சட்டம் கிறீச்சிட்டது.

"மாமா?"

"அஞ்சு நாளா போடல. அந்தக் கோட்டுப் பாக்கெட்டுல தீப்பெட்டி இருக்கு பாரு. எல்லாம் அதுலதான் இருக்கு."

"ஏன்?"

"மாத்திரைதான் அடைக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நிறுத்துனா தானா தெறக்கும்னு பாத்தேன்."

"எலும்பு வலியை மாத்திரை இல்லாம அஞ்சு நாள் தாங்குனீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்டம்மா சொல்றது?" என்றார்.

சமையலறையில் நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார்கிட்ட. கதவுக்கு இந்தப் பக்கம், ஆறடி தூரத்தில் நான்தான் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முனகலுக்கு நடுவே குரல் வந்தது. "உங்க பழுப்புப் பசுவுக்கு நான் பண்ணுனதைத்தான் நீ எனக்குப் பண்றே."

"ஆமா மாமா. ஆனா அது உங்களை விட நல்ல மாடு. உதைக்கல."

"அதுக்கு வெட்கமும் இல்ல" என்றார்.

சாயந்திரத்துக்குள் வயிறு பாதியாக இறங்கியது. மறுநாளும் ஸ்தமேனா வந்தாள், மீதியும் போயிற்று. மாத்திரையை மறுபடி தொடங்கினாள், கூடவே தினமும் சிரப்பு, இராத்திரிக்கு இன்னொரு மாத்திரை. குளியலறையில் கால் வைக்க ஒரு சின்ன ஸ்டூல் போடச் சொன்னாள், பள்ளியில் பிள்ளைகளுக்கு நாங்கள் போடுவது மாதிரியே. பேனாவை என் கையில் கொடுத்து, பாட்டில் மேல் திறந்த தேதியை எழுதச் சொன்னாள். "ஒரு நாளும் விடக் கூடாது. தினமும் கேளுங்க. வாயைத் திறந்து கேளுங்கக்கா" என்றாள். நெபோய்ஷா அன்று மாலை ஆஸ்திரியாவிலிருந்து வந்து சேர்ந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன், மற்றதைக் கணவரிடம் கூட அன்றைக்குச் சொல்ல நா எழவில்லை.

ஸ்லாவா அன்று காலை சிரப்பைக் கரண்டியில் ஊற்றியபோது மாமனார் என் மணிக்கட்டைத் தொட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம் மருமகளே. பாதிரியார் வர்ற நேரம். ஊரே வரும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே பயம்தான். ரொட்டியைச் சுற்றுகிற நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு நாள் விட்டால் என்ன? கரண்டியைப் பாட்டிலுக்குள் திருப்பிக் கவிழ்க்கப் பார்த்தேன். அப்போது அந்தத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது.

"குடிங்கப்பா" என்றேன்.

குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பரவாயில்ல. இருமல் நின்னுடுச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வாசலில் ஆள் வந்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குப் பாதிரியார் வந்தார். இருபது பேருக்கு மேல் ஹாலில் நின்றார்கள். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, மேஜை விளிம்பைப் பிடித்து, நின்றார். எதிரில் நெபோய்ஷா. மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, பாதிரியார் புத்தகத்தைத் திறந்து பாதி ஜெபம் சொல்லிவிட்டார். அப்போதுதான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்க்கிற முகம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். நெற்றியில் வேர்வை. செத்தாலும் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. ஏற்கெனவே செய்து காட்டியவர்தானே.

"அப்பா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "போகணுமா?"

ஜெபம் நின்றது. பெர்சிதா அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். நெபோய்ஷா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தார். மாமனார் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போகணும்" என்றார்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சமையலறையில் என் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போயிற்று. "அது வேணாம்" என்றார். கதவைச் சாத்தினேன். பாதிரியார் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். ஜெபத்துக்கு நடுவில் உட்காரக் கூடாது என்பதால் யாரும் உட்காரவில்லை. மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நேரம் போகப் போக எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் மூலையிலிருந்து ஒரு குரல். ஸ்தமேனாவின் அப்பா, அந்தப் பழுப்புப் பசுவின் சொந்தக்காரர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினார்:

"தேசிமிர்! சாணி போட்டுச்சா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "போட்டுச்சுடா! மாடு பொழச்சுக்கும்!"

வீடே சிரித்தது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் கையைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்தில் நின்றார். "மன்னிச்சுக்கோங்க சாமி. இன்னிக்கு நான் உக்காந்த ஒரே இடம் அதுதான், மத்தபடி வழக்கம் கெடல" என்றார். ரொட்டியைப் பிடித்து மகனோடு சேர்ந்து சுற்றினார், ஒயினில் நனைத்தார், பிட்டார், முத்தமிட்டார். தன் பாதியையும் நெபோய்ஷாவின் கையில் வைத்தார். "இனிமே நீ நில்லு" என்றார். மகன் அழுதார். அப்பா அழவில்லை, நின்றார்.

மறுநாள் பகலில், மீந்த முட்டைக்கோஸ் சுருளைச் சூடுபண்ணிக் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, உங்களுக்கு எல்லாம் தெரியும். அப்புறம் ஏன் அந்தச் சீமைமாதுளையைச் சாப்ட்டீங்க?"

"வேணாம்னா ஏன்னு கேப்பே."

"கேட்டா சொல்லியிருக்கலாமே."

"அந்தப் பயம்தான். நீ கேட்டுடுவியோன்னும் பயம். கேக்க மாட்டேங்கறாளேன்னும் இருந்துச்சு." கொஞ்சம் மென்று விழுங்கினார். "அந்த பாட்டில் லேபிளை அன்னிக்கே படிச்சேன் மருமகளே. நாப்பத்தோரு வருஷம் மருந்து குடுத்தவனுக்கு இருமல் மருந்து எதுன்னு தெரியாதா? நீ அப்படிச் சொன்னதும், இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு கூச்சமா இருக்கு, நாம ஏன் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவு வலியை வாங்கிக்கொண்ட மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார். என் வாழ்க்கையில் அதை விட வெட்கமான நேரம் எனக்கு வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். தினமும் காலையில் காபியோடு கேட்டேன். "போட்டுச்சு" என்பார், இல்லை என்றால் "நாளைக்குப் பாப்போம், டாக்டரைக் கூப்புடாதே" என்பார். வலி இல்லாமல், வயிறு இளகியிருக்க, டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. இந்த வருட மித்ரோவ்தானுக்குக் கிளாஸ்களை எடுக்கும்போது கையில் பட்டது. மருந்துக்கடைச் சீட்டில் அக்டோபர் பதினொன்று. அதற்குக் கீழே, திறந்த தேதி, என் கையெழுத்தில்: நவம்பர் ஐந்து. ஹாலில் நெபோய்ஷா நின்றபடி பரிமாறிக்கொண்டிருந்தார். யாரோ கிளாஸ் கேட்டார்கள். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த இருபத்தைந்து நாளுக்காக, ரேடியோ போடாமல் அழுதேன்.